இடது கைக்கு இருபத்திரண்டு, வலது கைக்கு ஐம்பத்தேழு

ஒரே உடம்பில் இரண்டு வயதுள்ள மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். பட்டான்செருவில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில், அவருக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து வேலையும் பார்த்திருக்கிறேன். அவருடைய இடது கைக்கு வயது இருபத்திரண்டு. வலது கைக்கு ஐம்பத்தேழு. இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டால் தாத்தாவும் பேத்தியும் கைகோத்து நிற்பதுபோல் இருக்கும் என்று சொல்லலாம். ஆனால் அவர் சேர்க்க மாட்டார். சேர்த்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எங்களுக்கெல்லாம் அவர் கன்ட்ரோல் சார்.

பெயர்க்காரணம் சொல்கிறேன். எங்கள் கம்பெனி க்ரீம், ஜெல், லோஷன், தலைச்சாயம் எல்லாம் செய்து மற்ற கம்பெனிகளுக்குக் கொடுக்கும். சரக்கு எங்களுடையது, டப்பாவில் ஒட்டும் பெயர் அவர்களுடையது. இப்படிப்பட்ட இடத்தில் எந்தச் சோதனை செய்தாலும் ஒன்றை மட்டும் எதுவும் பூசாமல் அப்படியே விட்டுவைப்போம். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்போம். விட்டுவைத்த அந்த ஒன்றுக்குப் பெயர் கன்ட்ரோல்.

தோலில் பூசிப் பார்க்கும் முறையான சோதனைக்கு வெளியே தனி நிறுவனம் உண்டு. கன்ட்ரோல் சாருக்கு அது போதவில்லை. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள், யாரும் கேட்காமலே, தன் இடது முன்கையில் நீல பால்பாயின்ட் பேனாவால் பன்னிரண்டு கட்டங்கள் போட்டார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சரக்கு. அன்று தொடங்கி எங்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே போன ஒவ்வொரு க்ரீமும் முதலில் அந்தக் கையில் குடியிருந்துவிட்டுத்தான் போனது. கட்டங்களை அவர் 'வீடு' என்றுதான் சொல்வார். "மூணாம் நம்பர் வீடு காலி. அஞ்சாம் நம்பர்ல புதுசா ஒரு லோஷன் வந்துருக்குது. நல்ல பார்ட்டி, சத்தமே இல்ல."

வலது கைதான் கன்ட்ரோல். தோள்பட்டை முதல் நகம் வரை அதற்குச் சோப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது, மஞ்சள் சந்தனம் எதுவும் கிடையாது. பச்சைத் தண்ணீர் மட்டும். பதினோரு வருடத்தில் அது கோடைக்கால முருங்கைக்காய் மாதிரி ஆகிவிட்டது. இடது கையோ விளம்பரத்தில் வரும் பெண்ணுடைய கை. சட்டைக் கையை மடித்துவிட்டு அவர் மேசைமேல் இரண்டையும் வைத்தால், புதிதாக வருகிறவர்கள் யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பார்கள்.

முதல் நாள் எனக்கும் அவருக்கும் சண்டை.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம். மாங்கூழ் தொழிற்சாலையில் அப்பா பெட்டி இறக்குகிறவர், அம்மா கொட்டை பிரிக்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அங்கேயே நிற்காமல் எம்.எஸ்சி. வேதியியல்வரை போய்விட்டேன். கல்லூரியின் கடைசி வருடத்தில் நேர்முகத் தேர்வுக்கு எப்படிக் கைகுலுக்க வேண்டும் என்று ஒரு வகுப்பு நடத்தினார்கள். விடுதி அறையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஒரு வாரம் பழகியிருந்தேன். அந்தக் கையோடுதான் ஆய்வகத்துக்குள் போய் அவர் முன்னால் நீட்டினேன்.

பாம்பைக் கண்டவர்போல் அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"நக்கோ! நக்கோ! தள்ளி நில்லுமா!"

நக்கோ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அவர் குடும்பம் நாலு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ் பேசும்போது உருது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அது அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆனால் 'தள்ளி நில்' என்பதை என் முன்னோர்கள் போதுமான அளவுக்குக் கேட்டாகிவிட்டது. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"ஏன் சார், நான் தொட்டா ஒட்டிக்குமா?"

"ஹவ் மா, ஆமா, ஒட்டிக்கும்! நிச்சயமா ஒட்டிக்கும்!"

"என்ன ஒட்டிக்கும்? சொல்லுங்க. இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க."

"காலைல தலைக்கு இன்னா தடவுன?"

"தேங்கா எண்ணெய்."

"அதான் ஒட்டிக்கும்!"

ஆய்வகமே சிரித்தது. அப்புறம்தான் ஒருவர் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் இரண்டு கைகளின் வரலாற்றையும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படிப்பட்ட கிறுக்குக்கு எதிரில் ஆறு மாதத் தகுதிகாண் காலத்தை எப்படிக் கழிப்பேன் என்றுதான் கவலையாக இருந்தது. அவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை. "இந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, எண்ணெயும் ஜாஸ்தி" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தார்.

அந்த வலது கையைக் காப்பாற்ற அவர் பட்ட பாட்டை ஒரு அரசாங்கம் தன் எல்லையைக் காக்கப் பட்டிருக்காது. சாப்பாடு ஸ்பூனில், அதுவும் இடது கையில். ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் வலது ஓரமாகத்தான் உட்காருவார். பக்கத்து ஆளின் வியர்வையும் பவுடரும் படாமல் இருக்க வலது கையை வெளியே நீட்டிக்கொள்வார். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் ஆட்டோ வலப்பக்கம் திரும்பப் போகிறது என்று நினைத்து வேகத்தைக் குறைக்கும். ராமச்சந்திராபுரத்திலிருந்து பட்டான்செருவரைக்கும் நெடுஞ்சாலை முழுக்க, திரும்பாத ஆட்டோவைப் பார்த்து ஹார்ன் சத்தம். டிரைவர்கள் பழகிவிட்டார்கள். "கன்ட்ரோல் சாப் இருந்தா பின்னாடி எவனும் இடிக்க மாட்டான்" என்று அவரை விரும்பி ஏற்றிக்கொள்கிறவர்களும் உண்டு.

வருடாந்திர மருத்துவப் பரிசோதனைக்கு ஒரு டாக்டர் வந்தார். ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையை எடுத்தார். வலது கை கூடாது என்றார் இவர். சரி, இடது? அங்கே பன்னிரண்டு வீட்டிலும் ஆள் இருக்கிறார்கள், நசுக்க முடியாது. "கால்ல கட்டுங்க டாக்டர், காலி மனைதான்." டாக்டர் கட்டினார். இவருடைய அழுத்தம் சரியாகத்தான் இருந்தது. டாக்டருக்குத்தான் ஏறியிருக்கும்.

அவருடைய தங்கை மகள் கல்யாணத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒரு சிறுமி நின்றிருந்தாள். இவர் எல்லா முன்னேற்பாட்டோடும்தான் வந்திருந்தார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, வலது கைக்கு மட்டும் மழைக்கோட்டிலிருந்து வெட்டியெடுத்த உறை. அந்தச் சிறுமிக்கு அதுவே வேடிக்கையாகப் போய்விட்டது. உறையின் வாய்க்குள் செம்பைக் கவிழ்த்து ஒரே உதறு. "நக்கோ!" என்று அவர் போட்ட சத்தத்தில் நாதஸ்வரம் நின்றது. அதைக் கெட்டிமேளச் சைகை என்று நினைத்துத் தவில்காரர் வெளுத்து வாங்கிவிட்டார். மாப்பிள்ளை கையில் அப்போது தாலியே வந்து சேரவில்லை.

பந்தியில் அவருடைய மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "தாலி கட்டுனப்போ ரெண்டு கையும் இருந்துச்சும்மா" என்றார், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "இப்போ பாதி மனுஷன்தான் வீட்டுக்கு வர்றாரு. மீதி கம்பெனிக்குச் சொந்தம்."

நான் அவரிடமே ஒருமுறை கேட்டேன், எதற்கு சார் இதெல்லாம் என்று. அவர் தலையைத் தூக்கவில்லை. "சின்னப் பசங்க மூஞ்சில பூசிக்கறாங்கமா. மொதல்ல எவனோ ஒருத்தன் கைல போயிட்டு வரட்டும்."

இனி என் கதை. என் கதை என்பது ஒரு பரு ஜெல்.

எனக்குத் தந்த முதல் தனி வேலை அது. முகப்பருவுக்குப் போடும் சாலிசிலிக் அமிலம் தண்ணீரில் கரையாது. ஜெல்லுக்குள் மணல் மாதிரி நிற்கும். ஆல்கஹாலில் கரையும், ஆனால் முகம் எரிந்து காய்ந்துபோகும். இதற்கு நடுவே நிற்கும் நல்ல பிள்ளை ஒன்று உண்டு, கிளைக்கால் ஈதர் என்ற கரைப்பான். நிறமில்லை, வாசனை என்று சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீரோடும் சேரும், அமிலத்தையும் கரைக்கும். தொழிற்சாலையில் அதைச் சுருக்கமாக ஈதர் என்போம். ஆனால் அதற்கு ஒரு குணம். தன்னிடம் கரைந்ததைக் கைப்பிடித்துத் தோலுக்குள் கூட்டிப்போய்விடும். அளவாகப் போட்டால் வாசல்வரை கொண்டுபோய் விடும். அளவு மிஞ்சினால் வீட்டுக்குள்ளேயே தள்ளிவிட்டு வரும். அப்புறம் எரிச்சல், சிவப்பு. ஆகவே அந்த அளவைக் கண்டுபிடிக்கத்தான் நாலு மாதம் உட்கார்ந்தேன். நாலு மாதமும் என் ஜெல் கன்ட்ரோல் சாரின் நாலாம் நம்பர் வீட்டில் குடியிருந்தது. புகார் இல்லை.

அப்புறம் அது ஆய்வகத்திலிருந்து தொழிற்சாலைக்கு இறங்கியது. முதல் பெரிய பேட்ச். கலக்கும் பாத்திரத்திலிருந்து வெளியே வந்தது ஜெல் இல்லை, கஞ்சி. ஈதர் மிஞ்சினால்தான் ஜெல் அப்படி இளகும்.

நான் இரண்டு ஷிஃப்ட் ஆட்களையும் போய்க் கேட்டேன். காலை ஷிஃப்டில் யாதகிரி, பிற்பகல் ஷிஃப்டில் இன்னொருவர். ஈதர் ஊற்றுகிற படி சரியாக ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வந்திருக்கிறது. யாதகிரி சொன்னார்: "நேனு போசின மேடம். டிக்கு கூட பெட்டின." நான் ஊற்றினேன், டிக்கும் போட்டேன் என்கிறார். பிற்பகல் ஆளோ, "தாளில் டிக் இல்லை, அதனால் நான் ஊற்றினேன், நான்தான் டிக் போட்டேன்" என்கிறார். பேட்ச் தாளில் ஆறாவது படிக்கு நேராக ஒரே ஒரு டிக்தான் இருந்தது. பிற்பகல் ஆளுடையது.

இரண்டு முறை ஊற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நிரூபிக்க வழியில்லை. கடைசியில் தண்ணீர் ஊற்றி அளவுக்கோட்டுக்குக் கொண்டுவருவதால் மொத்த அளவில் வித்தியாசம் தெரியாது. ஈதர் பீப்பாயோ நாலைந்து சரக்குக்குப் பொது. கரைப்பானை அளக்கும் இயந்திரம் அந்த வாரம் பார்த்துப் படுத்துவிட்டது. சனிக்கிழமை லாரி வருகிறது.

வெள்ளிக்கிழமை காலை பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். சென்னைக்காரர். என் எண்ணெய்த் தலையைப் போலவே என் தமிழையும் அவருக்குப் பிடிக்காது. ஒரு தாளை நகர்த்தினார். ஃபார்முலாவில் ஈதர் அளவைத் தவறாகக் கணக்கிட்டது நான், கூடுதலாகக் கெட்டியாக்கும் பொருள் சேர்த்துச் சரிசெய்தாகிவிட்டது, பேட்சை அனுப்பலாம். கீழே என் பெயர், பக்கத்தில் புள்ளிக்கோடு.

"ஃபார்மாலிட்டிதான்மா. நீ இதுல சைன் பண்ணு, நான் திங்கக்கிழமை உன் கன்ஃபர்மேஷன் லெட்டர்ல சைன் பண்றேன்."

"என் கணக்கு சரி சார். ரெண்டு தடவை ஊத்தியிருக்காங்க."

"பேப்பர்ல எத்தனை டிக்?"

"ஒண்ணு."

"அப்போ ஒரு தடவை. யாதகிரி ஊத்தாம போயிட்டு பொய் சொல்றான். நீ எந்த காலேஜ்? கவர்ன்மென்டா? லேப்ல வர்றது எல்லாம் பிளான்ட்ல வராதுன்னு அங்க சொல்லித் தர மாட்டாங்க. பரவால்ல, கத்துக்கோ."

எங்கள் வீட்டில் ரேஷன் கடை முதல் கூட்டுறவுச் சங்கம் வரை எல்லாத் தாளிலும் கட்டைவிரல் ரேகைதான். வீட்டில் பிறந்த முதல் கையெழுத்து என்னுடையது. அதை ஒரு பொய்யின் அடியில் போடுவதா என்று நான் யோசித்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நான் யோசிக்கவே இல்லை.

"போட மாட்டேன் சார்."

"வேலை வேண்டாமா?"

"வேணும். கையெழுத்தும் வேணும்."

அந்த நேரம் பார்த்துக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு கன்ட்ரோல் சார் உள்ளே வந்தார். இடது கையை மயில் தோகை மாதிரித் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏமா! இங்கயா இருக்க! ஏழாம் நம்பர் வீடு இடிஞ்சிருச்சு!"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். "என்ன சார் இது?"

"நேத்து பிளான்ட்ல வந்த கஞ்சிய ஏழாம் நம்பர்ல குடி வெச்சேன். அர மணி நேரத்துல நாலு செவுரும் கரைஞ்சு போச்சு. நாலாம் நம்பர்ல லேப் ஜெல், அதே பேனா, அதே நீலம், செவுரு நிக்குது பாருங்க. ரெண்டும் ஒரே ஃபார்முலான்னா இது எப்படி நிக்கும், அது எப்படி இடியும்?"

பார்த்தேன். ஏழாம் கட்டத்தின் பேனாக் கோடுகள் மழையில் நனைந்த கோலம்போல் கலங்கிக் கிடந்தன. ஈதர் அமிலத்தை மட்டுமா கரைக்கும்? பால்பாயின்ட் மையையும் கரைக்கும். அளவாக இருந்தால் மெதுவாக, மிஞ்சினால் வேகமாக.

மேனேஜர் சிரித்தார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுது கை இல்ல, ஊறுகாய். பதினோரு வருஷமா ஊறின தோல். அதுல இங்க் என்ன, இரும்பே கரையும். இதை எவிடென்ஸ்னு எந்த ஆடிட்டர்கிட்ட காட்டுவீங்க?"

அது ஒரு வகையில் நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் அதிகமாக வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கன்ட்ரோல் சார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு வலது கைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்தார்.

"சார், நக்கோ," என்றேன். அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை.

"கம்முனு இரு. போய் மூணு கப் எடுத்துட்டு வா. ஒண்ணுல லேப் ஜெல். ஒண்ணுல ஈதர டபுளா போட்டு கலக்கு. ஒண்ணுல பிளான்ட் கஞ்சி. அடில எழுதி ஒட்டு. யாருக்கும் சொல்லாத, எனக்கும் சொல்லாத."

போய்க் கலக்கி எடுத்துவந்தேன். மேனேஜரே எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுக் கப்புகளை இடம் மாற்றி வைத்துக்கொண்டார். எது எதுவென்று எங்கள் யாருக்கும் தெரியாது. பேனாவை கன்ட்ரோல் சார் என்னிடம் நீட்டினார். பதினோரு வருடம் ஒரு சொட்டு எண்ணெய் காணாத அந்த வறண்ட தோலில் நான் மூன்று கட்டம் போட்டேன். பேனா கரகரவென்று போயிற்று. மூன்றாம் கட்டம் கோணல். "வீடு கட்டத் தெரியாத பொண்ணு" என்றார் அவர், மேனேஜரைப் பார்த்து.

மேனேஜர் விரல் உறை மாட்டிக்கொண்டு, ஏதோ பிரசவம் பார்க்கிறவர்போல் முகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பூசினார். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆய்வகம் முழுவதும் கூடிவிட்டது. கன்ட்ரோல் சாரின் வலது கையில் க்ரீம் ஏறுகிறது என்ற செய்தி கேன்டீன்வரை போயிருந்தது. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வந்து நின்றார்.

முதல் கட்டத்தின் கோடு தடித்தது. பிறகு கசிந்தது. கோணல் கட்டமும் அதே நேரத்தில் கசியத் தொடங்கியது. நடுக் கட்டம் போட்டது போட்டபடி நின்றது. ஓரக் கட்டங்கள் இரண்டும் சேர்ந்து கலங்கி, சேர்ந்து கரைந்து, இரண்டு நீலத் திட்டாகிவிட்டன.

"எரியுதா சார்?" என்றேன்.

"நீ கப்பப் பாரு."

மேனேஜர் கப்புகளைத் திருப்பினார். நின்றது என் லேப் ஜெல். கரைந்த இரண்டு: டபுள் ஈதர், பிளான்ட் கஞ்சி.

வெளியே யாரோ விசில் அடித்தார்கள். மேனேஜர் லேசில் விடுகிறவர் இல்லை. "சரி, ரெண்டு தடவையே போயிருக்கட்டும். யாதகிரி டிக் போட்டேன்னு சொல்றானே, அந்த டிக் எங்க? பறந்து போச்சா?"

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கன்ட்ரோல் சாரின் கையில் இருந்த நீலத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நீலத்தை நேற்று எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

"சார், பேட்ச் தாளைக் குடுங்க."

ஆறாவது படி. டிக்குக்கு மேலே வெளிறிய ஒரு நீலக் கறை. எல்லோரும் பார்த்ததுதான். விரல் அழுக்கு என்று விட்டுவிட்டோம். யாதகிரியைக் கூப்பிட்டேன். ஈதர் ஊற்றுகிற கையுறையோடு வரச் சொன்னேன். கையுறையை ஈதரில் நனைத்து, ஒரு வெற்றுத் தாளில் வழக்கம்போல் டிக் போடச் சொன்னேன். போட்டார். வழக்கம்போல் தாளின்மேல் கையை ஊன்றி அடுத்த படியைப் படித்தார். கையை எடுத்தார். டிக் இல்லை. ஒரு வெளிறிய நீலக் கறை.

யாதகிரி தாளையும் கையுறையையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யோ மேடம், நேனே தினேசினா?" நானே தின்றுவிட்டேனா என்று அர்த்தம்.

அவர் போட்ட டிக்கை அவர் ஊற்றிய ஈதரே அழித்திருக்கிறது. பிற்பகல் ஆள் டிக் இல்லாத தாளைப் பார்த்து மறுபடி ஊற்றி, கையுறையைக் கழற்றிவிட்டு டிக் போட்டிருக்கிறார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. என் ஃபார்முலாவும் பொய் சொல்லவில்லை.

மேனேஜர் தன் தாளைக் கையில் எடுத்து மடித்தார். நான் விடவில்லை.

"நான் கையெழுத்துப் போடறேன் சார். வேற தாள்ல."

உட்கார்ந்து எழுதினேன். யாதகிரி டிக் போட்டார், ஈதர் அழித்தது, இரண்டு முறை ஊற்றப்பட்டது, பேட்சை நிராகரிக்க வேண்டும். கீழே என் கையெழுத்தை, இன்ஷியலோடு, ஊர்ப் பெயரோடு, தாளின் பாதி அகலத்துக்குப் போட்டேன். கன்ட்ரோல் சார் எட்டிப் பார்த்தார். "சின்னதா போட்டிருக்கலாம். எனக்கு இடமே விடல" என்று முணுமுணுத்துவிட்டு, ஓரத்தில் நெருக்கித் தன் கையெழுத்தையும் போட்டார்.

சனிக்கிழமை வந்த லாரி வேறு சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த வாரத்திலிருந்து ஊற்றுகிறவர் ஒருவர், கையுறை இல்லாமல் டிக் போடுகிறவர் இன்னொருவர் என்று விதி வந்தது. திங்கட்கிழமை எனக்குக் கடிதமும் வந்தது. தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம்: மேலதிகாரிகளிடம் பேசும் முறையில் முன்னேற்றம் தேவை.

அப்பாவுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

"அப்படின்னா என்ன கண்ணு?"

"வாய் ஜாஸ்தின்னு அர்த்தம்பா."

"அது பொறந்ததுல இருந்தே இருக்குதே. அதுக்குமா லெட்டர் போடுவாங்க?"

மூன்று மாதம் கழித்து வேலை உறுதியானது. பேசும் முறையில் எந்த முன்னேற்றமும் இல்லை.

கன்ட்ரோல் சாரின் வலது கையில் அந்த இரண்டு கட்டமும் சிவந்து, இரண்டு நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது. அவர் சொல்லவில்லை, அவர் மனைவி சொன்னார். மறு வாரம் கேன்டீனில் அவரோடு கைகுலுக்க வரிசை நின்றது. இனி கட்டுப்பாடு இல்லை அல்லவா? சமையல்காரர் இரண்டு தடவை குலுக்கினார். நான் வரிசையில் நிற்கவில்லை. எனக்கும் வைராக்கியம் உண்டு. அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "இன்னிக்கு ரசம் சாதம் கையால பிசைஞ்சு சாப்பிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அதன் பிறகு நாங்கள் நண்பர்களாகிவிட்டோம் என்று நினைக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் பற்றிய கருத்து வேறுபாடு கடைசிவரை இருந்தது. நான் இப்போது உப்பலில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். பழைய கம்பெனியிலிருந்து நான் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். வீட்டிலிருந்து எனக்குப் போன்.

"ஏமா, என் டிராயர்ல நீள நோட்டு இருக்குது. போன வாரம் ஏழாம் நம்பர்ல இன்னா எழுதினேன்னு பாத்துச் சொல்லு."

எடுத்தேன். அவர் படித்தது தெலுங்குப் பள்ளியில். தமிழ் அவருக்கு வாயில் மட்டும்தான், எழுத வராது. நான் பஸ் போர்டு பார்த்துத் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டவள். பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது அந்த வெள்ளிக்கிழமையின் பக்கம் வந்தது. வலது கை, பதினோரு வருடம், சோதனை நிறுத்தம் என்று வரிசையாக எழுதி, காரணம் என்ற பத்தியில் ஒரே ஒரு சொல். அந்தப் பத்தியில் அவர் எப்போதும் அரிப்பு, சிவப்பு, தடிப்பு என்றுதான் எழுதுவார். இது அவற்றில் எதுவும் இல்லை. எழுத்துக் கூட்டினேன். தெலுங்குச் சொல்லும் இல்லை, தெலுங்கு எழுத்தில் தமிழ். தே, வை, ப், ப, ட், ட, து.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? என் எழுத்து புரியலையா?"

"புரியுது சார்," என்றேன். "நல்லாவே புரியுது."